கவுன்ட்டருக்கு வெளியே நின்ற திலகவதி அக்கா

திலகவதி அக்கா இறந்த செய்தி, நான் மருந்து கொடுக்கும் ஜன்னல் வழியாகத்தான் எனக்கு வந்தது.

காலை நேரம். புறநோயாளிகள் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. கரையான்சாவடியில் பூக்கட்டி விற்கும் கன்னியம்மா சர்க்கரை மாத்திரைக்காக நின்றார். நான் மாத்திரைக் கவரை நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளாமல் என் முகத்தையே பார்த்தார்.

"இன்னாம்மா, உனுக்கு யாரும் சொல்லலியா? நம்ம திலகாம்மா விடிகாலைல பூட்டாங்களாம். நசரத்பேட்டைல எங்க அண்ணி ஊட்டாண்டதான் அவுங்க ஊடு. இப்பதான் போன் வந்துச்சு."

பின்னாலிருந்து ஒருவர், "வாங்கிகினு நவுரும்மா, டூட்டிக்கு டைம் ஆவுது" என்று சத்தம் போட்டார். கன்னியம்மா நகர்ந்தார். அந்த மனிதரின் சீட்டை வாங்கிப் பார்த்தேன், எழுத்து தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். வரிசை முடியும்வரை மருந்து கொடுத்தேன். யாருக்கு என்ன கொடுத்தேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. ஒவ்வொரு சீட்டையும் இரண்டு முறை படித்தது மட்டும் நினைவிருக்கிறது.

அக்காவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பூந்தமல்லிப் பக்கத்தில் எங்கள் நகர்ப்புற சுகாதார நிலையத்தில் அவர் மருத்துவ சமூகப் பணியாளர், நான் மருந்தாளுநர். பல வருஷங்கள் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தோம். என்னைவிட மூத்தவர். நான் அக்கா என்பேன், அவர் உஷா என்பார். உங்களில் பலர் அவரை அதிகாரிகளிடம் சண்டை போடுகிறவராகப் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தது வேறு ஒரு ஆளை. அவருக்குச் சத்தம் போடவே வராது. ஒரே விஷயத்தை ஒரே குரலில் திரும்பத் திரும்பக் கேட்பார், அவ்வளவுதான். எதிரில் இருக்கிறவர்தான் கடைசியில் சத்தம் போடுவார்.

அவர் ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த அப்பா. சளியோ பிரசவமோ பல்வலியோ, எதுவானாலும் குவார்ட்டர்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும். அப்பாவுக்கு இயந்திரத்தில் கை நசுங்கியபோது அங்கேயே அறுவை சிகிச்சை செய்து, மாதக்கணக்கில் பார்த்து, மறுபடி வேலைக்கு அனுப்பினார்களாம். வீட்டு வேலைக்கு வெளியிலிருந்து வரும் அம்மாளுக்குத் திலகவதி வயதில் ஒரு மகள். விளையாடும்போது அந்தப் பெண்ணின் காலில் ஆணி ஏறிவிட்டது. திலகவதி அவளைக் கையோடு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். வாசலில் இருந்த ஆயா, "உனக்குன்னா உள்ள வா கண்ணு. அவளுக்கு இது ஆஸ்பத்திரி இல்ல" என்றாராம்.

இதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார், சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி. "ஆயா மேல எனக்குக் கோவமே வரல உஷா. அது ரூல். ஆனா அதுவரைக்கும் ஆஸ்பத்திரின்னா எல்லாருக்கும் இருக்கும்னுதான் நெனச்சிருந்தேன். தண்ணி, வெயில் மாதிரி." பிறகு குழம்பில் உப்பு குறைவு என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். அந்தப் பெண்ணின் கால் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

எங்கள் நிலையத்துக்கு அவர் வந்த புதிதில், நெடுஞ்சாலை ஓரக் குடோன்களில் மூட்டை தூக்குகிற ஆண்கள் யாருமே எங்களிடம் வருவதில்லை. பெண்கள் வருவார்கள், குழந்தைகள் வருவார்கள், வயதானவர்கள் வருவார்கள். முப்பது நாற்பது வயது ஆண் எங்களிடம் வந்தால், விழுந்த பிறகு யாராவது தூக்கிக்கொண்டுதான் வருவார்கள். அக்கா ஷிஃப்ட் மாறும் நேரத்தில் குடோன் வாசலில் போய் நிற்க ஆரம்பித்தார். பிரஷர் பார்க்கும் கருவியோடு நானும் சில நாள் போனேன். அங்கேதான் காட்டுப்பாக்கம் ஏழுமலையைப் பார்த்தோம்.

ஏழுமலை பழைய குடியானவர் வீட்டுப் பிள்ளை. அவருடைய தாத்தா உழுத நிலத்தில் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன. அப்பா காலத்திலேயே விற்று, பிரித்து, தீர்ந்துவிட்டது. அவர் மனைவி செல்வி அதே அடுக்குமாடியில் மாடிப்படி பெருக்குகிறார். ஏழுமலையின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்தேன். கருவி பழுதோ என்று நினைத்து இன்னொரு கையிலும் பார்த்தேன். அவ்வளவு ஏறியிருந்தது.

"தலை வலிக்கலியாண்ணா?" என்று கேட்டேன்.

"வலிக்கும். டீ குட்ச்சா பூடும்" என்றார்.

அக்கா அவரிடம், "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க, மாத்திரை தரோம்" என்றார்.

"காலைலயா? காலைல லீவு போட்டா அடுத்த நாள் உள்ள வுட மாட்டான்க்கா. எங்குளுக்குல்லாம் லீவுன்னு ஒண்ணு கெடயாது, வேல கீது இல்லாங்காட்டி இல்ல, அவ்ளோதான். பிரஷர்தான, அது பாட்டுக்கு கீது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. மறுநாள் முதல் ஒரே கேள்வியோடு அலுவலகம் அலுவலகமாக ஏறினார்: "காலைல வர முடியாதவங்களுக்கு ஆஸ்பத்திரி எப்போ?" மாலை நேரப் புறநோயாளிப் பிரிவு வேண்டும் என்று கேட்டார். டாக்டர் இல்லை என்றார்கள். இருக்கிற டாக்டரை வாரத்தில் சில நாள் மாற்றிப் போடுங்கள் என்றார். மருந்தாளுநர் சம்மதிக்க மாட்டார் என்றார்கள். அக்கா என்னைக் கேட்காமலேயே, "உஷா சம்மதிப்பா" என்று சொல்லிவிட்டு வந்து, "சம்மதிச்சுட்டல்ல?" என்று என்னிடம் கேட்டார்.

மாலைப் பிரிவு வந்தது. அந்தக் காலத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது. விளக்கு வைத்த பிறகு வியர்வையும் தூசியுமாக ஆண்கள் வந்து உட்காருவார்கள். நர்ஸ் அம்மா திட்டிக்கொண்டே ரத்தம் எடுப்பார். ஒரு கூட்டம் மாத்திரையை ஒழுங்காக வாங்கிப் போட ஆரம்பித்தது. ஆனால் அது வந்து சேர்வதற்குள் மழைக்காலங்கள் கடந்திருந்தன. குடோன் வாசலில் சந்தித்த ஏழுமலை மாலைப் பிரிவுக்கு வந்தபோது முகமும் காலும் வீங்கியிருந்தன. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் அக்காவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கவனிக்காமல் விட்ட பிரஷரில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன.

அதற்கும் வழி இருக்கிறது என்று அக்கா ஓடினார். காப்பீட்டு அட்டை வாங்கிக் கொடுத்தார். நகரத்துப் பெரிய அரசு மருத்துவமனையில் ரத்தச் சுத்திகரிப்புக்கு இடம் கிடைத்தது. சிகிச்சை முழுவதும் இலவசம். அதில் பொய்யே இல்லை, அங்கே ஏழுமலையிடம் யாரும் ஒரு பைசா கேட்கவில்லை. சில மாதங்கள் போய் வந்தார். பிறகு நின்றுவிட்டார். தகவல் தெரிந்ததும் நானும் அக்காவும் காட்டுப்பாக்கம் போனோம்.

ஏழுமலை கட்டிலில் படுத்திருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏன் ஏழுமலை போகல? அங்க ஏதாவது சொன்னாங்களா?"

"சீ சீ, அவுங்க நல்லாத்தான் பாக்கறாங்க. ஊசிய எட்தாங்காட்டியும் எனுக்கு கண்ண இருட்டிகினு வருதுக்கா. போன தபா பஸ் ஸ்டாண்டுல வியுந்துட்டேன். குடிகாரன்னு நெனச்சி ஒருத்தனும் தூக்கல. கூட ஒரு ஆள் வோணும். செல்வி வந்தா அது வேல பூடும். பொண்ணு வந்தா அது இஸ்கூல் பூடும். நான் யாரக் கூட்டிகினு போறது?"

செல்வி சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "எத்தினி நாளிக்குக்கா?" என்று கேட்டார். "எப்ப நிக்கும் இது?"

அது நிற்காது என்பதை அக்காதான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். அடுத்த முறை முதல் அவரே ஏழுமலையைப் பேருந்தில் அழைத்துப் போனார். சுத்திகரிப்பு முடியும்வரை வெளியே உட்கார்ந்திருந்து, திரும்பக் கொண்டுவந்து வீட்டில் விடுவார். இது உங்கள் வேலை இல்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். "அப்ப இது யார் வேலைன்னு சொல்லுங்க, அவங்கள அனுப்பி வைக்கிறேன்" என்றார்.

பக்கத்திலேயே ஓர் அரசு மருத்துவமனையில் இந்த வசதி வேண்டும் என்று அதற்கும் கேட்க ஆரம்பித்தார். இயந்திரம் வந்துவிட்டது. அது வந்த அன்று அக்கா எங்கள் எல்லோருக்கும் மசால் வடை வாங்கிக் கொடுத்தார். ஆனால் இயந்திரத்தை இயக்கப் பயிற்சி பெற்ற ஆள் வரவில்லை. தண்ணீரைச் சுத்தம் செய்யும் அமைப்புக்கு அனுமதி வரவில்லை. மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. அந்த வருஷம் மழையில் சாலைகள் மூழ்கின. பேருந்து ஓடாத நாட்களில் ஏழுமலைக்கு மூச்சு முட்டியது. ஆட்டோவில் பாதி வழியில் இறந்துபோனார். செல்விதான் மடியில் வைத்திருந்தார்.

காரியம் முடிந்து வந்த அன்று அக்கா என் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு சொன்னது இது: "இலவசம்ங்கறது இந்தக் கவுன்ட்டர்லதான் இருக்கு உஷா. அவன் வீட்டு வாசல்ல இல்ல. நடுவுல இருக்கற தூரம் இருக்கு பாரு, அத யாரும் இன்னும் ஆஸ்பத்திரின்னு ஒத்துக்கல." அதன் பிறகு அவர் வடை வாங்கிக் கொடுத்ததே இல்லை, எது வந்தாலும்.

வந்தவைகூடத் தங்கவில்லை. மாலை டாக்டர் மாற்றலாகிப் போனார், பதிலுக்கு ஆள் வரவில்லை. கொஞ்ச நாள் நர்ஸும் நானும் பழைய மாத்திரைகளை மட்டும் கொடுத்துச் சமாளித்தோம். பிறகு அதுவும் கூடாது என்று உத்தரவு. மாலைப் பிரிவை மூடிவிட்டோம் என்று யாரும் அறிவிக்கவில்லை. நேரம் எழுதிய பலகை இன்றைக்கும் வாசலில் தொங்குகிறது. சில வாரங்கள் அந்த ஆண்கள் வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பிறகு வரவில்லை.

அக்காவின் வேலையே ஒப்பந்த வேலை. எந்தத் திட்டத்தின் கீழ் அவரை எடுத்தார்களோ அந்தத் திட்டம் இன்னொன்றோடு சேர்க்கப்பட்டது. சேர்த்தபோது அவருடைய பணியிடம் அதில் இல்லை. மாலை போட்டு அனுப்பவில்லை, மிக்சர் பொட்டலம் கொடுக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை அவர் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். புது மருத்துவ அலுவலர் சின்னப் பெண், நல்ல பெண்தான். கை பிசைந்துகொண்டு வந்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க இப்ப ஸ்டாஃப் இல்ல. இன்ஸ்பெக்ஷன்ல கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஆமாம்மா, நீ என்ன செய்வ" என்று அக்கா எழுந்தார். எழுந்து வெளியே போகவில்லை. நோயாளிகள் நிற்கும் பக்கம் போய் நின்றுகொண்டார். அடுத்த நாளும் வந்தார். சீட்டைப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொன்னார், பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்களோடு பேருந்தில் ஏறினார். நான் உள்ளே, அவர் வெளியே. அப்படியே சில வருஷம் ஓடியது. சம்பளம் இல்லை, பதவி இல்லை. யாரையும் கேட்கும் உரிமைகூட இல்லை. அதுதான் அவரை அரித்தது. ஒருநாள், "முன்னாடி நான் கேட்டா இல்லன்னு சொல்லுவாங்க. இப்ப யாரு நீங்கன்னு கேக்கறாங்க" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நசரத்பேட்டையில் தம்பி குமரேசன் குடும்பத்தோடு இருந்தார். குமரேசன் தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறார். அக்கா என்றால் உயிர். ஒரு காலை, காபி டம்ளர் கையிலிருந்து நழுவ, அக்காவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. பக்கவாதம். குமரேசன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். போகும் வழியிலேயே நல்ல வசதியுள்ள தனியார் மருத்துவமனை இருக்கிறது. அங்கே திருப்பப் போனபோது, அக்கா குழறிய வாயோடு, "ஜி.எச். ஜி.எச்." என்றிருக்கிறார். வேலை பார்த்த காலமெல்லாம் வீட்டில் அவர் சொன்னது அது: எனக்கு ஏதாவது ஆனால் எல்லோரும் போகிற இடத்துக்குத்தான் என்னையும் கொண்டுபோக வேண்டும். குமரேசன் காரை நேராக விட்டார்.

அந்த அரசு மருத்துவமனையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பணியில் இருந்த டாக்டர் ஓடி வந்தார். செய்ய வேண்டியதை உடனே செய்தார். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட முடியாது. ஸ்கேன் இயந்திரம் பழுதாகி, சரிசெய்யும் ஆளுக்காகக் காத்திருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றி நகரத்துக்கு அனுப்பினார்கள். தோண்டிப் போட்ட பூந்தமல்லி சாலையில் வண்டி ஊர்ந்தது. நகரத்து மருத்துவமனையில் வாசலிலேயே காத்திருந்து அவரை இறக்கிக்கொண்டு, உடனே ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி போடும் நேரம் கடந்துவிட்டது என்று அதன் பிறகு சொன்னார்கள்.

பேச்சு போய்விட்டது. வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. வார்டில் நான் போய்ப் பார்த்தேன். நான் சொல்வது அவருக்குப் புரிந்தது, கண்ணில் தெரிந்தது. எப்போதும்போல நம் நிலையத்துக் கதைகளைச் சொன்னேன். யார் வந்தார்கள், யார் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், யாருக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது என்று. முன்பெல்லாம் இதைத்தான் ஆவலாகக் கேட்பார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இடக்கையைத் தூக்கி, போதும் என்பதுபோல உள்ளங்கையைக் காட்டினார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். களைப்பாக இருந்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதன் பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சில வாரங்களில் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று மருந்து கொடுத்து முடித்துவிட்டு நான் நசரத்பேட்டைக்குப் போனபோது தெரு நிறைய ஆட்கள். வெள்ளைத் துணி போர்த்திக் கூடத்தில் வைத்திருந்தார்கள். குமரேசன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். தோளைத் தொட்டு ஆறுதல் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் கேட்டார்:

"நீங்க மருந்து படிச்சவங்க. சொல்லுங்க. அன்னிக்கு நான் பிரைவேட்டுக்குத் திருப்பியிருந்தா?"

எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். "உறுதியா சொல்ல முடியாது குமரேசன். ஆனா நேரம் மிச்சமாகியிருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். "அவ பேச்ச மீறினதே இல்ல. அன்னிக்கு ஒருநாள் மீறியிருக்கலாம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் செல்வி. ஏழுமலையின் மனைவி. வேலையைப் பாதியில் விட்டு, அடுக்குமாடியின் சீருடையோடு வந்திருந்தார். அவர் மெல்லச் சொன்னார்: "சார், நீங்க எங்க வோணா போவலாம். எங்குளுக்கு அது ஒண்ணுதான். நாங்க போற எடத்துக்குத்தான் நானும் போவேன்னு அந்தம்மா நின்னாங்க. எங்குள வுட்டுட்டுப் போவலியே."

குமரேசன் அவரைப் பார்த்தார். கோபம் இல்லை, கத்தவும் இல்லை. அக்காவின் குரலேபோல இருந்தது அந்தக் குரல். "அதுக்கு எங்க அக்கா சாகணுமாம்மா?"

செல்வி தலையைக் குனிந்துகொண்டார். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. அக்கா செய்தது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. தவறு என்று சொன்னால் நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கே அர்த்தம் இல்லாமல் போகிறது. இரங்கல் எழுதுகிறவர்கள், அவர் விட்டுச்சென்ற பணி தொடரும் என்று முடிப்பார்கள். தொடரும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மாலைப் பிரிவு மூடியே இருக்கிறது. அந்த இயந்திரத்தின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்பட்டதா என்று எனக்குத் தெரியாது, விசாரிக்கிறவரும் இப்போது இல்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு கேள்வி மட்டும். மருந்து வாங்கிய ஒவ்வொருவரோடும் வாசல்வரை போய், "இன்னிக்கு எப்படி வந்தீங்க? அடுத்த மாசம் எப்படி வருவீங்க?" என்று கேட்பார். நோய் என்ன என்று கேட்க டாக்டர் இருக்கிறார், இதைக் கேட்க யாரும் இல்லை என்பார். அவர் போன பிறகு ஜன்னலில் உட்கார்ந்தபடி நான் கேட்க ஆரம்பித்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு வயதான மனிதர், கண் பார்வை மங்கியவர், பிரஷர் மாத்திரை வாங்கினார். கேட்டேன்.

"எதிர் ஊட்டுக்காரு வண்டில இட்டாந்து வுட்டாருமா. அவரு இந்த மாசத்தோட ஊடு காலி பண்றாரு."

"அடுத்த மாசம்?"

"தெர்ல."

கவரை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றார். முன்பென்றால் வெளியே எட்டிப் பார்த்து, "அக்கா, இவரைக் கொஞ்சம் பாருங்க" என்று சொல்லியிருப்பேன். பழக்கத்தில் எட்டியும் பார்த்துவிட்டேன். வரிசைதான் இருந்தது. அந்தத் 'தெர்ல'வைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு வேறு ஆள் தெரியாது.

"பார்த்துப் போங்க ஐயா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே வாசல் பக்கம் போனார்.